லாரியின் இடப்பக்கத்தில் எழுதிய பெயர்

முற்றத்தில் பெயிண்ட் தின்னர் வாசம் மூக்கைப் பிடுங்குகிறது. காலையில் காப்பியோடு வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். லாரியின் இடப்பக்கத்தில் உங்கள் பெயரைக் காணவில்லை. பெயிண்டர் சுரண்டியிருந்தான். வரச் சொன்னதே நான்தான்.

என் பெயரை எழுதாமல் முடியாது. ஓனர் பேரும் விலாசமும் லாரியின் இடப்பக்கம் இருக்க வேண்டும். பெர்மிட் என்பது வண்டிக்கு இல்லையாம், ஆளுக்காம். ஆள் போனால் ஒரு மாதத்துக்குள் அறிவிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் வாரிசு பேருக்கு மாற்ற மனு கொடுக்க வேண்டும். இல்லையென்றால் நம்முடைய வண்டி களியக்காவிளை செக்போஸ்ட் தாண்ட முடியாது. விற்றுத் தொலைத்துவிடு என்றார்கள் உங்கள் அண்ணன்மார். எனக்கு மனசு வரவில்லை. இரண்டு பெண்மக்களையும் அந்த வண்டிதானே படிக்க வைக்கிறது?

வெள்ளறடையில் ரப்பர் ஷீட் ஏற்றிப் போனால் திரும்பி வரும்போது வழியிலிருந்து போன் பண்ணுவீர்கள். "லேட்டாவும் மக்கா, நீ தின்னுட்டு கெட." நான் வாய்க்கு வந்தபடி ஏசுவேன், சோற்றை மூடி வைப்பேன், கதவுக்குக் கொண்டி போடாமல் படுப்பேன். லேட் என்று சொன்ன ஒரு நாள்கூட நீங்கள் வராமல் இருந்ததில்லை.

அன்றைக்கு மட்டும் அப்படிச் சொல்லவில்லை. மத்தியானம் பேசும்போது நெஞ்சில் வாயு பிடித்திருக்கிறது என்றீர்கள். வாயுவாம்! ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் கேட்கிற ஆளா நீங்கள்? ஆரல்வாய்மொழி தாண்டி வண்டியை ஓரமாக ஒதுக்கிவிட்டு, சாயாக் கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே போய்விட்டீர்கள். வண்டியில் ஒரு கீறல் இல்லை. மறுநாள் வேறொருவன் அதை ஓட்டிவந்து முற்றத்தில் நிறுத்தினான். ஹாரன் கேட்டு நான் எழும்பி ஓடினேன், தெரியுமா?

பெயர் மாற்ற நெய்யாற்றின்கரை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் பாவம், தன்மையாகத்தான் பேசினாள். ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதியவள் தலை நிமிராமல் மலையாளத்தில், "சேச்சீ, ஹஸ்பெண்டு லேட்டாணோ?" என்றாள்.

"லேட்டுதான். லோடு எறக்கிட்டு வாறதுக்கு நேரமாவும்" என்றேன்.

அவளுடைய பேனா நின்றது. எனக்கு அப்போதும் விளங்கவில்லை. அவள் கவுண்டர் கண்ணாடிக்கு அடியில் கையை நீட்டி என் விரலைத் தொட்டாள். அப்புறம்தான் உறைத்தது.

இப்போது பெயிண்டர் என் பெயரை எழுதி முடித்துவிட்டான். கீழே விலாசத்தில், யாருடைய மனைவி என்று காட்ட, உங்கள் பெயர். பெயருக்கு முன்னால் சாக்பீஸால் 'லேட்' என்று வரைந்து வைத்திருக்கிறான்.

"அத அழி" என்றேன்.

"பேப்பர்ல அப்படித்தான் உண்டு, அக்கா."

"பேப்பர்ல கெடக்கட்டு. வண்டியில எழுதாண்டாம்."

துணியால் துடைத்தான். அவனுக்கு எப்படிச் சொல்ல? செத்துப் போனவருக்குப் போடுகிற வார்த்தை அது என்று ஊருக்கெல்லாம் தெரியும். எனக்கு அது நீங்கள் வந்துகொண்டிருக்கிறீர்கள் என்ற தகவல். நேற்றும் நான் கதவுக்குக் கொண்டி போடவில்லை.