கடைசித் தூளுக்காகக் காத்திருந்த கம்பியூட்டர் வகுப்பு

மச்சான்,

ஹட்டன் பஸ் நிலையத்தில் இன்று வடை சுற்றிக் கொடுத்த தாளில் உன் சமாசாரம் இருந்தது. இன்னும் சின்னதாக, இன்னும் வேகமாக வரவேண்டிய, நீ காத்திருந்த அந்தக் கம்பியூட்டர் சிப் மறுபடியும் தாமதமாம். எண்ணெய் ஊறிய எழுத்தை வாசித்ததும் எனக்குச் சந்தோஷமா துக்கமா என்றே புரியவில்லை. நீ போனபின் அது வந்தால் உனக்கு அநியாயம் இல்லையா?

வட்டவளைத் தொழிற்சாலையில் தேயிலை சலிக்கும் வேலையில் இருந்த நீ, போன வருஷம், எண்பத்தைந்தில், தோட்டத் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளுக்கென்று ஹட்டன் பேக்கரி மாடியில் கம்பியூட்டர் வகுப்புக்கு அறை எடுத்தாய். உன் பெயர்ப்பலகையை வாசிக்க ரயில்கள் நின்று போவதாக நானே நாலு தோட்டத்தில் பரப்பினேன். மேசை இருந்தது, உட்கார வாங்கு இருந்தது; கம்பியூட்டர்தான் இல்லை.

கொழும்புக் கடையில் பழைய ரகம் ஒன்று தயாராக இருந்தது. "அத எடு மச்சான்" என்றேன்.

"புது சிப்பு வருதாம். சின்னதா இருக்கிறதால வேகமாம்."

"அப்ப நாலடி ஆளு நான் ஏன்டா தினமும் பஸ்ஸத் தவற விடுறேன்?"

"பொடியான டஸ்ட் தேயிலை போட்டா சாயம் சட்டுன்னு இறங்குதுல்ல, அதுமாதிரிதான். நல்ல தூளு அடுக்குச் சல்லடையில கடைசியாத்தான் விழும். பொறு."

அந்த நிமிஷம் எனக்கு உலகமே புரிந்தது. வீடு போய்ச் சேருமுன் ஒன்றும் புரியவில்லை. சிப் கம்பெனி தள்ளிப்போட்டது, நீயும் தள்ளிப்போட்டாய். உன் மேசைமேல் மாவு மூட்டை அடுக்கிய பேக்கரி முதலாளி, "சித்திரைக்குள்ள வகுப்பு நடக்கலன்னா அறை எனக்கு வேணும்" என்றார். சித்திரைக்கு முன்னேயே உன் நெஞ்சு நின்றுவிட்டது.

காரியம் முடிந்த கையோடு உன் மனைவி கொழும்பு போய் அந்தப் பழைய ரகத்தையே எடுத்து வந்தாள். "அவரு கோவிச்சுக்குவாராண்ணே?" என்று கேட்டாள். எட்டு மலைக்குக் கேட்கப் பொய் சொல்லும் நான், பெட்டியை வாங்கி மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

அந்த யந்திரம் கண் விழிப்பதற்குள் நுவரெலியா போய்க் கறிக்குக் கோவா வாங்கி வந்துவிடலாம். முதல் நாள் ஒரு சிறுமி தன் பெயரைத் தட்டினாள். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

"ரொம்ப மெதுவா இருக்கோ?" என்றேன்.

"இல்ல மாமா, இன்னும் மெதுவா வரச் சொல்லுங்க. பாக்குறதுக்குள்ள வந்துருது."

நீ காத்திருந்தது சரியா, உன் மனைவி வாங்கியது சரியா? இந்தக் குழப்பத்தைத் தூக்கிக்கொண்டுதான் இப்போதும் அந்த மாடிப்படி ஏறுகிறேன், மச்சான். பிள்ளைகள் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னே ஓடிவிடுகிறார்கள்.