நேரில் வந்தால்தான் பணம்

பாரிவாக்கம்
4.9.1990

அன்புள்ள மாமாவுக்கு, வடிவு எழுதுவது. நான் சுகம். வயிற்றில் இருப்பதும் சுகம். உதைத்துத் தூங்க விடுவதில்லை, உங்கள் பிள்ளைதானே. பம்பாயில் ஒரு கார்டுக்கா பஞ்சம்?

நர்ஸ் வசந்தா அக்கா வந்தார். ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்துக்கொள்பவர்களுக்குச் சர்க்கார் பணம் தருகிறதாம், பால் முட்டை வாங்கிச் சாப்பிட. என் பெயரையும் பதிந்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. மறுநாள் சேக்காட்டுக்கு அம்மா வீட்டுக்குப் போகிறேன்.

உங்கள் வடிவு

சேக்காடு
24.9.1990

அன்புள்ள மாமாவுக்கு,
பணம் வந்துவிட்டதாம். ஆனால் பதிந்த இடத்தில், பாரிவாக்கத்தில்தான் தருவார்களாம், அதுவும் நான் நேரில் வந்தால்தான். எனக்குக் கால் வீங்கியிருக்கிறது. டாக்டரம்மா படுத்தே இருக்கச் சொல்கிறார். விட்டுவிடட்டுமா?

வடிவு

பம்பாய்
1.10.1990

வடிவுக்கு, ஆசிகள். சர்க்காரே கூப்பிட்டுக் கொடுப்பதை யாராவது விடுவார்களா? ஒரே பஸ்தானே, உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் வா. பிள்ளைக்கு வெள்ளி அரைஞாண் வாங்கலாம். லீவு கேட்டால் மேஸ்திரி கணக்கை முடித்துவிடுவேன் என்கிறார். உன்னைப் பார்க்காமல் இங்கே சோறு இறங்கவில்லை.

ஜெயராமன்

சேக்காடு
2.11.1990

மாமாவுக்கு,
தந்தி கிடைத்திருக்கும். உங்களை ஊருக்கு விட்டிருக்க மாட்டார்கள், தெரியும்.

பாரிவாக்கத்தில் பணத்துக்கு வரிசையில் நிற்கும்போதே வலி எடுத்துவிட்டது. உங்கள் வீடு அடுத்த தெருதான். அங்கே போய்ப் படு, வண்டி கொண்டுவருகிறேன் என்று வசந்தா அக்கா ஓடினார். அம்மாதான் விடவில்லை. "வளையல் போட்டுகினு வந்தவ கொயந்தையோடதான் அந்த வாசப்படி மிதிக்கணும். வா, பஸ் ஏறிடலாம்" என்றாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அம்மாவைத் திட்டாதீர்கள்.

பஸ் பருத்திப்பட்டு தாண்டுவதற்குள் பிறந்துவிட்டான். ஆண் பிள்ளை. அழவே இல்லை. பாவம், கண்டக்டர் எல்லோரையும் இறக்கிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கே பஸ்ஸை விடச் சொன்னார். நான்தான் பிழைத்தேன்.

நேற்று வசந்தா அக்கா அந்தப் பணத்தை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டு அழுதார். வீட்டுக்கே கொண்டுவர முடிந்திருக்கிறது பாருங்கள். முட்டை வாங்கிச் சாப்பிடு என்கிறார். எனக்குப் பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது. பணத்தைத் தொடவே பயமாக இருக்கிறது.

உங்கள் அம்மா என்னை அழைத்துவர ஆள் அனுப்பியிருந்தார்கள். நான் போகவில்லை. பிள்ளையோடுதான் அந்த வாசலை மிதிக்க வேண்டும் என்றால், நான் இனி எப்படி வருவது மாமா?

வடிவு