உன் விரலில் சுற்றிய துணி

அன்புள்ள ராக்கம்மாளுக்கு, உன் புருஷன் நம்புவேல் பெங்களூர் ஆஸ்டின் டவுனிலிருந்து தன் கையாலேயே எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நான் வாசல் காக்கும் சுற்றுலா ஆபீசில் நம் தீவைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகம் அடித்திருக்கிறார்கள். ஒரு பகல் முழுக்க எழுத்துக் கூட்டி நானே படித்துவிட்டேன்! அத்தனையும் புளுகு. 'மனிதக் கால் படாத மணல்' என்கிறார்கள். அந்த மணலில்தான் நாற்பது வருடம் கருவாடு காயப் போட்டோம். அடுத்த பக்கத்துப் படத்தில் நீ! பாசி எடுக்கக் கடலில் இறங்குமுன் விரல்களில் துணி சுற்றுகிறாய். அதற்குக் கீழே, 'கடல் அன்னைக்குக் காப்புக் கட்டும் தீவுப் பெண்' என்று போட்டிருக்கிறார்கள், வெட்கமில்லாதவர்கள்.

ஆபீஸ் வீணாவிடம் சொன்னேன்: "இது என் வீட்டுக்காரிம்மா. பாறை கிழிக்காம இருக்கத் துணி சுத்துறா."

"சூப்பர் தாத்தா! ஞாயித்துக்கிழமை டூரிஸ்ட் வந்தா துணி சுத்திக் காட்டுவாங்களா?"

"நீ கம்ப்யூட்டர் தட்டுறதை வேடிக்கை பாக்க எங்க ஊர் ஆளுங்களைக் கூட்டிட்டு வரவா?" என்றேன்.

ஆனாலும் உன்னிடம் ஆள் அனுப்புவார்கள். எவ்வளவு கெஞ்சினாலும் சுற்றிக் காட்டாதே.

படத்தில் உன் கட்டைவிரலில் காயம் தெரிகிறது. ஆறிவிட்டதா? பெட்டியில் என் பழைய வேட்டி இருக்கும், கிழித்துச் சுற்றிக்கொள். கொஞ்சம் நெத்திலிக் கருவாடு அனுப்பு. இங்கே விற்பது வெறும் உப்பு.

அந்தப் பக்கத்தை என் நாற்காலிக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். அவர்கள் போட்டதை அடித்துவிட்டு, 'ராக்கம்மாள்' என்று நானே எழுதினேன்.

வெளியே வண்டி ஹாரன் அடிக்கிறது, கேட்டைத் திறக்க வேண்டும்.

உன் நம்புவேல்