ஆபீசுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், அண்ணே

என் வாயாடி அண்ணனுக்கு, லோரிக்காரச் செல்வாவுக்கு,

தொழிற்சாலையில் நாளைக் காலை ஒன்பது மணிக்கு என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்!

பதறாதே. நீ எங்கே இருந்தாலும் இந்நேரம் எழுந்து உட்கார்ந்து, "ஐயோ ரூபி, என்னடி பண்ணித் தொலைச்ச?" என்று தலையில் கை வைத்திருப்பாய். நான் ஒன்றும் பண்ணித் தொலைக்கவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். அம்மாவிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன். நாலாவது தடவை ஆரம்பித்ததும், "தெரியும்டி, வந்து பசியாறு" என்று தேத்தண்ணியை முன்னால் வைத்துவிட்டாள்.

முதலில் பெரிய செய்தி. நீலாய் கல்லூரியில் டிப்ளோமாவை முடித்துவிட்டேன். முப்பத்தோரு வயதில், அங்கி போட்டு, தொப்பி போட்டு, மேடையேறி வாங்கினேன் அண்ணே! அங்கிக்குள் என்னைப்போல் இரண்டு பேர் புகுந்துகொள்ளலாம். அம்மா அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்து, "துணி நல்ல துணியா இருக்கு, திருப்பிக் குடுக்கணுமா?" என்று கேட்டாள்.

அடுத்த செய்தி அதைவிடப் பெரியது. இன்று காலை டிகிரிக்கும் பெயர் கொடுத்துவிட்டேன். சனி, ஞாயிறு வகுப்பு. நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியாதா? "டிகிரிய வச்சு நாக்கு வழிக்கவா லா?" அதே வாயோடுதான் ஒவ்வொரு சனிக்கிழமையும் லோரியைச் சிரம்பான் ரயில் நிலையத்துக்கு விட்டு, என்னை இறக்கிவிட்டு, ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஹார்ன் அடிப்பாய். எனக்கு மானம் போகும். இப்போது அந்த இடத்தில் நிற்கும்போது, ஒரு தடவையாவது யாராவது அடிக்க மாட்டார்களா என்று இருக்கிறது.

சரி, ஆபீஸ் விஷயத்துக்கு வருகிறேன். நம் தோட்டத்தில் ஆபீசுக்குக் கூப்பிட்டால் என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டாம். நல்ல சேதி சொல்ல ஒருத்தரையும் கூப்பிட்டதில்லை. வேலை போகும், இல்லையென்றால் வீடு போகும். நம் சுவா தோட்டத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றபோது அப்பாவைக் கூப்பிட்டார்கள். உனக்குப் பன்னிரண்டு வயது, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனாய். படிக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு நீங்கள் நிற்க, கணக்கெழுதுகிற கிராணி மேலே நின்றபடியே வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாராம். அப்பா செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்து வந்தார். ஆறு வயதில் வாசலில் நின்று நான் பார்த்தது அது ஒன்றுதான்.

ஏழெட்டு வருஷம் கழித்து உனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. போனாய். இரண்டாவது செமஸ்டர் முடிவதற்குள் பையும் கையுமாக வந்து நின்றாய். அந்தக் கதையை நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! "பரீட்சப் பேப்பர்ல வாத்தி ஆபீசுக்கு வான்னு எழுதிட்டான். அவன் வெளிய போடான்னு சொல்ற வரைக்கும் நிக்க நான் என்ன கேனையனா? அன்னிக்கு ராத்திரியே பஸ் ஏறிட்டேன்ல!" சொல்லிவிட்டு நீ தொடையைத் தட்டிச் சிரிப்பாய், நாங்களும் சிரிப்போம். கெட்டிக்காரன், மானத்தோடு வந்துவிட்டான் என்று நான் உன்னைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அண்ணே, எனக்கும் அப்படி எழுதினார்கள். நீ போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. டிங்கிக் காய்ச்சல் நாலே நாளில் உன்னைக் கொண்டுபோன வருஷம் அது. புள்ளியியல் பரீட்சையில் நூற்றுக்கு முப்பத்தெட்டு. அதற்குக் கீழே சிவப்பு மையில், என் ஆபீசுக்கு வந்து பார் என்று விரிவுரையாளர் எழுதியிருந்தார். மூன்று வாரம் கடைசி வரிசையில் உட்கார்ந்து, வகுப்பு முடியும் முன்னே பின்கதவு வழியாக ஓடினேன். நாலாவது வாரம் நீலாய்க்கே போகவில்லை. உன்னைப்போல நானும் மானத்தோடு நின்றுகொள்வது என்று முடிவு பண்ணிவிட்டேன்.

அம்மாதான் கண்டுபிடித்தாள். "சனிக்கெழம வீட்ல என்னடி பண்ற?" என்றாள். சொன்னேன். அடுப்பை அணைத்தாள். பிறகு, "போய்க் கேட்டா தலையா போயிரும்? நான் வரேன் வா" என்று சேலையை மாற்றிவிட்டாள். யோசித்துப் பார், ஆயுசுக்கும் தோட்டத்து ஆபீஸ் படியை மிதிக்காத பொம்பளை! இருபத்தொன்பது வயதுக் குமரியைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு ரயில் ஏறினாள்.

அந்த அறை வாசலில் என்ன நடந்தது தெரியுமா? அம்மா செருப்பைக் கழற்றினாள். நானும் பார்த்துக்கொண்டே சப்பாத்தைக் கழற்றினேன். கதவைத் தட்டிவிட்டு இரண்டு பேரும் வெறுங்காலோடு கைகட்டி நிற்கிறோம். கதவைத் திறந்த விரிவுரையாளர், தடித்த கண்ணாடி போட்ட மலாய்க்கார அம்மா, எங்கள் முகத்தைப் பார்க்கிறார், காலைப் பார்க்கிறார். "கெனாப்பா புக்கா காசுட்? மாசுக், மாசுக்!" ஏன் செருப்பைக் கழற்றினீர்கள், உள்ளே வாங்க வாங்க என்று நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். அம்மா நுனியில் உட்கார்ந்தாள், சாய மாட்டேன் என்றுவிட்டாள்.

என்னை வெளியே அனுப்பக் கூப்பிடவில்லை அண்ணே. மூன்றாவது கேள்வியைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்! ஒரு கிடங்கு நிறையச் சரக்கு இருந்தால் எதை எடுத்துச் சோதிப்பாய் என்று கேட்டிருந்தார். சூத்திரம் எனக்கு மறந்துவிட்டது. அதனால் நான் வேலை பார்க்கிற கிளவ் தொழிற்சாலையில் ரப்பர் கையுறைக்குள் தண்ணீர் ஊற்றி ஓட்டை பார்க்கிற கதையை, தெரிந்த இங்கிலீஷில் எழுதிவைத்தேன். கைக்கு எட்டுகிற பெட்டியிலிருந்து எடுக்கக் கூடாது, அடியிலும் மூலையிலும் கிடப்பதை இழுத்து எடுக்க வேண்டும், ஏனென்றால் அடுக்குகிறவர்கள் நல்லதை மேலே வைப்பார்கள் என்று. "இதைத்தான் நான் வருஷக்கணக்காகக் கத்திக்கொண்டிருக்கிறேன். உன் கைக்குத் தெரிகிறது, காகிதத்தில்தான் வரமாட்டேன் என்கிறது. சனிக்கிழமை ஒரு மணிக்கு வா, சொல்லித்தருகிறேன்" என்றார். கதவிலேயே அந்த நேரத்தை ஒட்டியிருக்கிறார்கள். மாணவர்கள் வருவதற்கென்றே ஒதுக்கின நேரமாம், அது நம் உரிமையாம். எவனும் வருவதில்லை என்று அவர் வருத்தப்படுகிறார்!

திரும்பி வரும்போது அம்மா ரயிலில் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். லாபு ஸ்டேஷன் தாண்டியதும், திரும்பாமலே கேட்டாள்: "ஏண்டி, நம்ம செல்வாவையும் இதுக்குத்தான் கூப்பிட்டிருப்பாங்களோ?"

எனக்கு என்ன தெரியும்? நிஜமாகவே வெளியே அனுப்பத்தான் கூப்பிட்டார்களோ என்னவோ. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, உனக்கு எது புரியவில்லை என்று கேட்கத்தான் கூப்பிட்டார்களோ. உனக்கே தெரியாதே அண்ணே. அன்றைக்கு ரயிலில் நான் அழுதேன், ஒளிக்கவில்லை. உன் மேல் கோபமும் வந்தது. ஒரு கதவைத் தட்டியிருக்கக் கூடாதா நீ?

அதன் பிறகு ஒரு சனிக்கிழமை விடவில்லை. புள்ளியியலில் ஏ வாங்கினேன். ஏ! அந்த மலாய்க்கார அம்மா என்னைவிட அதிகமாகக் குதித்தார்.

இப்போது நீ கேட்பாய், டிப்ளோமா போதாதா, டிகிரி எதுக்கு என்று. நானும் இரண்டு மாதம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுப் பையன் டிகிரியை வைத்துக்கொண்டு மோட்டாரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். எங்கள் சூப்பர்வைசர் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் பாரத்தோடு நின்றவர், ராஜா மாதிரி இருக்கிறார். டிகிரி வாங்கினால் வேலை தேடி வரும் என்று எவனாவது சொன்னால், வேற வேலை இருந்தா பாரு என்பேன். இதில் தொழிற்சாலையில் லைன் லீடர் பதவி வேறு கொடுக்கிறோம் என்றார்கள். எடுத்தால் மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும், சனி ஞாயிறு போச்சு, படிப்பும் போச்சு.

ஆனால் ஒன்று நடந்தது. எத்தனை கிளவ் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று எங்கள் சுவரில் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கும். பத்து வருஷமாக அது சொன்னபடி எடுத்தேன், ஏன் என்று கேட்டதில்லை. போன மாதம் அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன், பளிச்சென்று தெரிகிறது, புதுப் பெட்டி அளவுக்கு இந்த வரி தப்பு! சொன்னேன். சூப்பர்வைசர் எகிறினார். கணக்குப் போட்டுக் காட்டினேன். மறுநாள் அட்டவணையை மாற்றி ஒட்டினார்கள். எனக்கு ஆகாயத்தில் பறக்கிற மாதிரி இருந்தது அண்ணே! ஏன் என்று தெரிந்துகொள்கிற கிறுக்குப் பிடித்துவிட்டது, இனி விடாது. சரியாகப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் அது என் முடிவு. பயந்து ஓடிவந்துவிட்டு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். உன்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. கொஞ்சம் குத்தத்தான் சொல்கிறேன்.

அதனால் போன வாரம், கூப்பிடாமலே, நானாக மேனேஜர் அறைக்குப் போனேன். "கூப்புடாம போறியா? பைத்தியமா லா ஒனக்கு?" என்று பக்கத்து மேசை மேரி என் கையைப் பிடித்து இழுத்தாள். போனேன். லைன் லீடர் வேண்டாம், சோதனைக்கூடத்தில் பகல் வேலை கொடுங்கள், சனி ஞாயிறு நான் படிக்க வேண்டும் என்றேன். முழுசாகச் சொல்லி முடித்தேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

இன்று மத்தியானம் சேதி வந்தது. நாளை ஒன்பது மணி, ஆபீசுக்கு வரவும். அவ்வளவுதான். கிடைக்குமா கிடைக்காதா, ஒன்றும் இல்லை. கிடைக்காவிட்டால் இருக்கிற மேசையிலேயே தண்ணீர் ஊற்றிக்கொண்டு படிப்பேன். காலையில் பெயர் கொடுத்தபோதே அது முடிவாகிவிட்டது.

"நாளைக்கு நானும் வரட்டாடி?" என்று அம்மா கேட்டாள். வேண்டாம்மா என்றேன். என் சப்பாத்தைத் துடைத்து வாசலில் வைத்திருக்கிறாள். "உள்ள போறப்ப கழட்டிக் கிழட்டித் தொலைக்காத" என்று இப்போதுதான் சொல்லிவிட்டுப் போனாள்.

கழற்ற மாட்டேன் அண்ணே, சத்தியமாக. சப்பாத்தோடு போவேன், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்காருவேன். ஆனால் கதவை இரண்டு தடவை தட்டுவேன். ஒன்று எனக்கு. இன்னொன்று, நீ அன்றைக்குத் தட்டாமல் பஸ் ஏறினாயே, அதற்கு.

கால் நடுங்கினாலும் இனி ஓடாத உன் ஒரே தங்கச்சி,
ரூபினி