மஞ்சள் தடவாத வேட்டி

4 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

ஆடி அமாவாசை. சிம்மக்கல் கடையை விட்டு நகர முடியாது என்று, வருஷா வருஷம் மருது வீட்டுக்குக் கொடுக்கிற வேட்டியை அண்ணன் இந்த முறை என் தலையில் கட்டிவிட்டான். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நிற்க இடமில்லை. சுருளிக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போகிற கூட்டம்.

கிளம்பும் அவசரத்தில், புதுத்துணியாயிற்றே என்று வேட்டி முனையில் மஞ்சள் தடவிவிட்டேன். மதினி பதறிப்போனாள். “அய்யய்யோ, அதுக்கு மட்டும் தடவக் கூடாதுன்னு அத்தை சொல்லிருக்காக!” கழுவி, காய வைத்து, அப்புறம்தான் விட்டாள். அம்மா உயிரோடு இருந்தவரை ஆயிரம் கூடாது சொன்னாள். இது ஆயிரத்தொன்று.

மருதுக்கு எண்பதுக்கு மேல். நான் அவர் வீட்டு வாசலுக்கு வந்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். “உக்காருங்கய்யா” என்றேன். அண்ணன் கேட்டிருந்தால் முறைத்திருப்பான். எங்கள் வீட்டில் அவர் வெறும் மருதுதான். அவர் அப்பா, தாத்தா, அதற்கு முந்தினவர்கள் எல்லாரும் எங்கள் நிலத்தில் பண்ணையாட்கள். இப்போது அவருக்கே ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. மகள் தமிழ்ச்செல்வி நர்ஸ்.

வேட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: “எல்லா வீட்லயும் பொங்கலுக்குத்தான தாயி துணி எடுத்துக் குடுப்பாக. நீங்க மட்டும் எதுக்கு அமாவாசைக்குக் குடுக்குறீக? ஒங்க அய்யாட்டக் கேக்கப் பயம். அம்மாட்டக் கேக்கக் கூச்சம். நீ படிச்ச பிள்ளை.”

“வழக்கம்யா” என்றேன். அவர் முகத்தைப் பார்த்ததும், விசாரித்துச் சொல்கிறேன் என்றும் சொல்லிவிட்டேன். யாரிடம் போய் விசாரிக்க?

15 செப்டம்பர்

அண்ணனுக்குப் புது வேகம். சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலில் கருத்தக்கண்ணனுக்குக் கல் நாட்டப் போகிறான். எங்கள் பூட்டனுக்குப் பூட்டன். வெள்ளைக்காரன் வரி கேட்டதற்கு அடித்துவிட்டு, தண்டனையாகப் பினாங்குக்குக் கப்பலேறி, ஏழு வருஷம் கல் உடைத்துத் திரும்பிவந்தவர். திரும்பிய பிறகுதான் ஆறு பிள்ளைகளாம். இந்தக் கதையைக் கேட்டுத்தான் எங்கள் வீட்டில் எல்லாரும் சோறு தின்றோம்.

“கப்பலூர் கம்பெனில இருவத்தாறு வருசம் இங்கிலீஷ்ல லெட்டர் அடிச்சவ நீ. மெட்ராஸ்ல ஆதாரம் இருக்குமாம். போயி எடுத்துட்டு வா” என்றான். கம்பெனியை மூடி மூன்று மாதம் ஆகிறது. நீ சும்மாதானே இருக்கிறாய் என்பதை இப்படியும் சொல்லலாம் போல.

22 அக்டோபர், எழும்பூர்

ஆவணக் காப்பகத்தில் மூன்றாம் நாள். தும்மல்தான் மிச்சம்.

23 அக்டோபர்

கிடைத்துவிட்டார்! ‘கருத்தக்கண்ணன், நெடுங்கண்மாய்ப்பட்டி, பினாங்கு, ஏழு வருஷம்.’ 1842. கண் கலங்கிவிட்டது. பக்கத்து மேசைக்காரரிடம் “எங்க தாத்தா” என்று காட்டினேன், ஏதோ கல்யாண ஆல்பம் மாதிரி.

குற்றத்தை அப்புறம்தான் படித்தேன். வரப்புத் தகராறில் பக்கத்து நிலத்துக்காரனின் வைக்கோல் படப்புக்குத் தீ வைத்தது. கட்டியிருந்த இரண்டு மாடுகள் கருகிச் செத்தன. வரியும் இல்லை, வெள்ளைக்காரனும் இல்லை. அண்ணனிடம் மாட்டைப் பற்றி எப்படிச் சொல்வது என்று சிரிப்பாகவும் இருந்தது.

24 அக்டோபர்

இறந்த கைதிகளின் பட்டியல். அதே கைதி எண், அதே பெயர், அதே ஊர். பினாங்கு போன மூன்றாம் வருஷம் பேதியில் இறந்தார்.

அங்கேயே செத்தவர் எப்படித் திரும்பி வந்தார்? அப்படியானால் நாங்கள் யார்?

10 நவம்பர்

அண்ணனிடம் சொன்னேன். “எழுதுனவன் தூக்கத்துல எழுதிருப்பான்” என்றான். நானும் அப்படியே இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக.

3 டிசம்பர், எழும்பூர்

ஏன்டி சுபலட்சுமி, மறுபடியும் வந்த. சும்மா கெடந்திருக்கலாம்ல.

ஒரு மனு. 1844. ஒரு பெண் சொல்ல ஒருவன் எழுதி, அதை இன்னொருவன் இங்கிலீஷில் சுருக்கியது. அவள் குரலில் அரைவாசி போயிருக்கும், இருந்தும் என்னால் உட்கார முடியவில்லை.

என் பெயர் ராக்கம்மாள். என் புருஷன் சோலை, கருத்தக்கண்ணனின் பண்ணையாள். சேவகர்கள் பிடிக்க வந்த அன்று, ‘கருத்தக்கண்ணன் நான்தான்’ என்று என் புருஷனைச் சொல்லச் சொன்னார்கள் அவர் வீட்டார். அவனும் சொன்னான். ஒரு வெள்ளாமைக்குள் மீட்டுவிடுவோம் என்றார்கள். இரண்டு வெள்ளாமை எடுத்தாகிவிட்டது. கருத்தக்கண்ணன் மாமனார் ஊரில் இருக்கிறார், ஆள் அனுப்பிப் பார்க்கலாம். என் புருஷனைக் கொண்டுவந்து விடவேண்டும்.

ஓரத்தில் எவனோ ஒரு துரை எழுதியிருக்கிறான்: ‘நம்பத் தகுந்ததல்ல.’

யாரும் ஆள் அனுப்பிப் பார்க்கவில்லை.

4 டிசம்பர்

லாட்ஜிலிருந்து தமிழ்ச்செல்விக்குப் போன் போட்டேன். உங்கள் முன்னோர்களில் சோலை என்று யாராவது உண்டா?

“ராக்கம்மா கல்லுன்னு எங்க சாமிக்குப் பக்கத்துல ஒண்ணு இருக்குக்கா. புருசன் வருவான் வருவான்னு சாகுற வரைக்கும் தாலிய எறக்கலையாம். அவ புருசன் பேருதான் சோலை. எங்க போனாருன்னே தெரியாதாம். எதுக்குக்கா கேக்குறீங்க?”

“சும்மாதான்.”

சும்மா! என் நாக்கை என்ன செய்தால் தேவலை.

5 டிசம்பர், ரயிலில்

திண்டுக்கல் தாண்டியபோது பிடிபட்டது. மஞ்சள் தடவாத புதுவேட்டி. அமாவாசையன்று. அது கோடித்துணி. செத்த வீட்டுக்குப் போடுகிற கோடி.

கருத்தக்கண்ணன் செத்தார் என்ற தகவல் பினாங்கிலிருந்து எங்கள் வீட்டுக்குத்தான் வந்திருக்கும். சோலை போனது எங்கள் பெயரில்தானே. யார் செத்தார் என்று எங்கள் வீட்டுக்குத் தெரியும். கோடியைக் கொடுத்தார்கள், எதற்கென்று சொல்லவில்லை. சொன்னால் மாட்டிக்கொள்வார்களே. சாமிக்கும் பயம், சர்க்காருக்கும் பயம். அந்தப் பொம்பளை கழுத்தில் தாலியோடு வந்து அந்தக் கோடியைக் கையேந்தி வாங்கியிருக்கிறாள். ஒவ்வொரு வருஷமும்.

நானும்தான் ஆகஸ்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெட்கமாக இருக்கிறது. இந்த வீட்டில் பிறந்ததற்கே வெட்கமாக இருக்கிறது.

17 ஜனவரி 2025

அண்ணனிடம் எல்லாவற்றையும் வைத்தேன். மனுவை வரிக்கு வரி தமிழில் சொன்னேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். அப்புறம், “கல்லு வெட்டியாச்சு. பத்திரிகை அடிச்சாச்சு” என்றான்.

“அண்ணே, அந்த ஆளு நம்ம பேருல செத்துருக்காரு.”

“அதுக்கு நான் என்ன செய்ய? நான் தீ வச்சேனா? இத வெளிய சொன்னா ஊர்ல ரெண்டு பக்கமும் அடிச்சுக்கிட்டுச் சாவாய்ங்க. மருது காதுக்கு இது போச்சுன்னா, எனக்குத் தங்கச்சியே இல்லைன்னு நெனச்சுக்கிறேன்.”

சொன்னவன் என்னைப் பார்க்கவில்லை, சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் உறுத்துகிறது. உறுத்தினால் மட்டும் போதுமா?

26 பிப்ரவரி

சிவராத்திரி. கல்லைத் திறந்தார்கள். ‘கப்பலேறி மீண்ட வீரர்.’ அடியில், ‘ஆய்வு: சுபலட்சுமி.’

போகவில்லை என்று எழுத ஆசை. போனேன். மாலை போட்டார்கள், கழுத்தை நீட்டினேன்.

11 மார்ச்

மருதுவிடம் சொல்லிவிடுவது என்று பஸ் ஏறினேன். பாதி வழியில் செக்கானூரணியில் இறங்கி, ஒரு டீ குடித்து, திரும்பிவிட்டேன். அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். மருதுக்குச் சொல்ல வேண்டியதை யோசிக்கவே இல்லை.

28 மார்ச்

வெயில் தாழட்டும். போகலாம்.

9 ஏப்ரல்

மருது நேற்றுச் செத்துப்போனார்.

மாலையோடு போனேன். தமிழ்ச்செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ரெண்டு நாளா ஒங்களத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாருக்கா. என்னமோ விசாரிச்சுச் சொல்றேன்னீங்களாமே, என்னக்கா அது?”

இத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்ல, அப்புறம் பேசலாம் என்றேன். இதைச் சொன்னதும் நான்தான். படிச்ச பிள்ளை.

10 ஏப்ரல்

அவர் கேட்ட நாளிலிருந்து எட்டு மாதம் இருந்தது. எட்டு மாதம்.

22 ஜூலை

மதினி போன் செய்தாள். “மருதுதான் போய்ச் சேந்துட்டாருல்ல, இனிமே வேட்டி வேணாம்னு ஒங்கண்ணன் சொல்லிட்டாக.” எவ்வளவு சுலபமாக முடித்துவிட்டான். நானே விளக்குத்தூண் பக்கம் போய் ஒரு வேட்டி எடுத்தேன். சரிகைக் கரை போட்டதைக் காட்டினார்கள். வெறும் வெள்ளையே போதும் என்றேன்.

24 ஜூலை, வியாழன்

ஆடி அமாவாசை. போனேன். இந்த முறை செக்கானூரணியில் இறங்கவில்லை.

மனுவின் நகலைத் தமிழ்ச்செல்வி கையில் கொடுத்தேன். அவளே வாசித்தாள். முடித்துவிட்டு முதல் வரியிலிருந்து மறுபடியும் வாசித்தாள். பிறகு இறந்தவர் பட்டியலைக் கொடுத்து, அந்த வரியைக் காட்டினேன். வேட்டி எதற்கென்றும் சொன்னேன். டிசம்பரிலேயே எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன்.

“அப்பா இருந்தாரேக்கா” என்றாள். “டிசம்பர்ல எங்கப்பா நல்லாத்தான இருந்தாரு.”



எழுந்து மருதுவின் படத்துக்கு விளக்கேற்றினாள். வேட்டிக்குக் கையை நீட்டினாள். வாங்க மாட்டாள், மூஞ்சியில் எறிவாள் என்றுதான் நினைத்திருந்தேன். பிரித்து, விளக்குக்கு முன்னால் விரித்து வைத்தாள்.

“கோடின்னா சொந்தக்காரங்கதான் போடணும். அதுவும் ஒரு தடவைதான். ராக்கம்மா புருசன் செத்த சேதி எங்க வீட்டுக்கு இன்னைக்குத்தான் வந்துருக்கு. அதனால வாங்கிக்கிறேன். அடுத்த வருசம் கொண்டாராதீங்க. நீங்களும் வராதீங்க.”

சரி என்றேன். போயிட்டு வாரேன் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

தெரு முனையைத் தாண்டும்போது அவள் அழுகிற சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் என்னவோ ஏதோ என்று ஓடினார்கள். “யாரு செத்தது? யாரு செத்தது?” என்று ஒருத்தி என்னிடம் கேட்டாள்.

“சோலை” என்றேன்.