பச்சைத் துளையில் மாட்டிய மைக்

எங்கே இருந்தாலும் என் சத்தம் கேட்கும் மச்சானுக்கு,

நீங்கள் போனதிலிருந்து உங்கள் மைக் செட்டுக் கடை பூட்டித்தான் கிடக்கிறது. ஆனால் தொழில் சாகவில்லை, என்னிடம் வந்துவிட்டது. நான் சொல்வது கம்ப்யூட்டர் மைக். முதுகுளத்தூரிலேயே முதலில் மாட்டியவன் நான்தான். இல்லையென்று சொல்ல இதுவரை யாரும் வரவில்லை.

எல்லாம் உங்கள் மகள் செல்விக்காக. வயிற்றுப் பிள்ளையோடு துபாயில் இருப்பதால் கடைசியாக உங்கள் முகம் பார்க்க அவளால் வர முடியவில்லை. அன்றிலிருந்து அவள் போன் போட்டால் அக்கா, "நல்லா இருக்கேன், வச்சிர்றேன்" என்பதோடு சரி.

"அம்மாவுக்கு எம்மேல கோவம் மாமா" என்று செல்வி என்னிடம் அழுதாள். "போன்ல வேணாம். கம்ப்யூட்டர்ல நிதானமா பேசச் சொல்லிப் பதிஞ்சு அனுப்புங்க."

என் மகன் படிக்க வாங்கிய கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தது. உங்கள் பெரிய மைக்கைக் கொண்டுவந்து பார்த்தேன். அதன் வயர் முனையில் இருக்கும் ஜாக் சுண்டுவிரல் தண்டி. கம்ப்யூட்டரில் இருப்பதோ காது குத்திய ஓட்டை. ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினேன்.

"தலையில மாட்டுறதாண்ணே, மேசையில நிக்கிறதா, சட்டையில குத்துறதா?" என்றார் கடைக்காரர்.

"மைக் செட்டுக்காரர் மச்சினன்டயா கேக்குற?" என்றேன். கடையே எழுந்து நின்றது என்று வையுங்கள். மேசை மைக் ஒன்று, கேட்பதற்கு ஹெட்போன் ஒன்று வாங்கினேன். ரோஸ் துளையில் மைக், பச்சைத் துளையில் ஹெட்போன் என்றும் சொன்னார். நான் கேட்டுக்கொள்ளவில்லை. பச்சைக் கொடி காட்டினால்தானே ரயிலே போகிறது? என் குரல் துபாய்க்குப் போகணும். மைக்கைப் பச்சையில் மாட்டினேன். மிச்சமிருந்த ரோஸ் துளையில் ஹெட்போன்.

"மொதல்ல நான் பேசிக் காட்டுறேன், கேளுக்கா" என்று அக்கா காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, பதியத் தொடங்கினேன். கல்யாணப் பந்தலில் நீங்கள் பேசுவதுபோல 'அன்பார்ந்த' என்று எடுத்தேன். குரல் பதிந்தால் நெளிய வேண்டிய கோடு திரையில் அசையவே இல்லை. என் குரல் கனமானது, போய்ச் சேர நேரமாகும் என்று விட்டுவிட்டேன்.

இறுக்குகிறது என்று அக்கா ஹெட்போனைக் கழற்றி, அதையே வாயில் வைத்துப் பொத்திக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். கோடு நெளிந்தது. என் குரல்தான் வந்துவிட்டதென்று இன்னும் உரக்கப் பேசினேன். அவள் முறை வந்ததும் மைக்குக்குக் குனிந்து, "நல்லா இருக்கேன்" என்று சொல்லி எழுந்து போய்விட்டாள்.

என் பேச்சாவது போகட்டும் என்று, பதிவைப் போட்டுக்கூடப் பார்க்காமல், பிரவுசிங் சென்டரில் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மறுநாள் செல்வி போன் போட்டாள். "மாமா, நீங்க கெணத்துக்குள்ள கத்துற மாதிரி இருக்கு. அம்மா பேசுனதுதான் கேக்குது." அப்புறம் அந்தப் பதிவைப் போனில் போட்டுக் காட்டினாள்.

அக்கா பேசியது உங்களிடம் மச்சான். "பாத்தீகளா இவன் கூத்த? நீங்க இருந்தா மைக்கப் புடுங்கிருப்பீக. பெத்த புள்ள மேல எனக்கென்ன கோவம்? நாலு வார்த்த பேசுனா அழுதுருவேன். புள்ளத்தாச்சி, அவளும் சேந்து அழுவா. அதான் வச்சிர்றேன்."

போனை அக்காவிடம் நீட்டினேன். "அழும்மா, நானும் அழுகுறேன்" என்று செல்வி சொன்னது எனக்கே கேட்டது. அன்றைக்கு அக்கா போனை வைக்கவே இல்லை.

கேட்கிற சாமான் எப்படிப் பேச்சைப் பிடித்தது, மச்சான்? பேசுகிற சாமான் என்னை மட்டும் ஏன் கைவிட்டது? வேண்டுமென்றேதான் மாற்றி மாட்டினேன் என்று ஊருக்குள் சொல்லி வைத்திருக்கிறேன். உங்களிடம் மட்டும் கேட்கிறேன், அது எப்படி?

பேரப்பிள்ளை பிறந்ததும் அக்காவை இன்னொரு முறை பேசவைப்பேன். எது எந்தத் துளையில் இருந்தாலும் சரி, ஹெட்போனை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் வாயை மூடிக்கொண்டு வெளியே போய் நிற்பேன். உங்கள் மைக் மேல் சத்தியம்.

உங்கள் சத்தக்கார மச்சினன்,
செல்வியின் தாய்மாமன்,
காளிமுத்து