சுவரைப் பார்த்துத் தொங்கிய டோக்கன்

பிப்ரவரி 10, செவ்வாய்

இன்று நான் இல்லையென்றால் குளிர்கிடங்கு மொத்தமும் உருகித் தெருவில் ஓடியிருக்கும். கம்ப்ரசர் ஒரு மாதிரி இருமியது. பக்கத்தில் போய் ஒரு முறை முறைத்தேன், அடங்கிவிட்டது. மெக்கானிக் ஏதோ திருகினான் என்பதும் உண்மைதான். ஆனால் முறைத்தது நான்.

பிற்காலத்தில் என் சரித்திரம் எழுத வருகிறவர்கள் திண்டாடக் கூடாது என்பதற்காக என் உத்தியோகத்தை இங்கே குறித்து வைக்கிறேன். கிடங்கின் கதவு என் பொறுப்பு. கதவுக்குப் பக்கத்தில் கொக்கிகள் அடித்த பலகை ஒன்று உண்டு. உள்ளே போகிறவர் தன் பித்தளை டோக்கனை ஒரு கொக்கியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும், வெளியே வந்ததும் கழற்றிக்கொள்ள வேண்டும். பலகை காலியானால் உள்ளே ஆள் இல்லை என்று அர்த்தம், கதவைச் சாத்தலாம். ஒரு டோக்கன் தொங்கினாலும் சாத்தக் கூடாது. உள்ளே மைனஸ் பதினெட்டு. மீன் பெட்டியும் பட்டாணி மூட்டையும் தாங்கும், மனிதன் தாங்க மாட்டான்.

டோக்கன் ஒன்று முதல் பன்னிரண்டு வரை. ஒன்பதை எவனோ எந்தக் காலத்திலோ தொலைத்துவிட்டான். ஆகவே பதினொரு பேர். நான் உள்ளே போவதில்லை, அதனால் எனக்கு டோக்கன் இல்லை. ராஜாவுக்கு எதற்கு டிக்கெட்?

படிப்பு எட்டாம் வகுப்பு. ஒன்பதின் வாசல்வரை போனேன். இவனுக்கு மேலே சொல்லித்தர எனக்குத் தெம்பில்லை என்று வாத்தியாரே சொல்லிவிட்டார்.

பிப்ரவரி 11, புதன்

மானம் கப்பலேற இருந்தது. நல்ல வேளை, ஏணியை நானே தள்ளிவிட்டேன்.

தொலைந்த ஒன்பதுக்குப் பதிலாக ஒரு டோக்கன் வெட்டி வைத்திருந்தார்கள். எண் அடிக்காத வெறும் தகடு. பல வருடமாக என் மேஜை டிராயரில் கிடந்தது. காலையில் பொழுது போகாமல் அதைத் தேய்த்துக் கழுவி, காயட்டும் என்று பலகையில் மாட்டினேன். மறந்தேன்.

மாலை ஆறு மணிக்குப் பலகையில் ஒரு டோக்கன் மிச்சம். மேனேஜர் அலறினார், "யாருய்யா உள்ள?" பதினொரு பேரும் வெளியே வரிசையாக நிற்கிறார்கள். அரை மணி நேரம் தேடினார்கள். ஈ காக்கை இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பத்தொன்பது வருடப் பெயர்! நாக்கு தானாகப் புரண்டது.

"சார், அது ஆளோட டோக்கன் இல்ல. உள்ள ஒருத்தர் இருக்கார். ரொம்ப நாளா இருக்கார். இன்னிக்குத்தான் வெளிய காட்டிக்கிறார்."

கம்ப்ரசர்கூட ஒரு நொடி மூச்சை அடக்கியது (அது அடிக்கடி நிற்கும்). பெட்டி தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டுகிறவர் தொப்பியைக் கழற்றினார். மேனேஜருக்கு வீட்டுக்குப் போனால் போதும். "சரி சாத்துங்க" என்றார்.

பிப்ரவரி 12, வியாழன்

விடிந்ததும் தகட்டை எடுத்துவிடலாம் என்று போனேன். பலகைக்குக் கீழே ஒரு கப் டீ, சூடாக. யார் வைத்தார்கள் என்று கேட்டேன். ஆளாளுக்குப் பலகையைக் கையைக் காட்டினார்கள்.

அதற்கு மேல் எப்படி எடுப்பது? விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 19, வியாழன்

ஒரு மதத்தை உண்டாக்குவது என்ன கஷ்டம் என்று உலகத்துக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒரே வாரம், ஒரே ஆள்.

சட்டங்கள் போட்டாயிற்று. அவருடைய டோக்கன் சுவரைப் பார்த்துத்தான் தொங்கும், அதைத் தொடக் கூடாது, திருப்பக் கூடாது. (திருப்பினால் இரண்டு பக்கமும் வெறும் தகடு என்று தெரிந்துவிடுமே!) சாத்துவதற்கு முன் எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட வேண்டும். சாத்திய பிறகு உள்ளிருந்து தட்டுகிற சத்தம் கேட்டால் அது அவர். பதில் கொடுக்கக் கூடாது, கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

கடைசிச் சட்டம் வாட்ச்மேனுக்காகப் போட்டது. உள்ளே ஐஸ் விரிந்து அலமாரித் தட்டுகள் டொக் என்றால் போதும், எனக்குப் போன் அடித்து உயிரை வாங்குவான். இப்போது நிம்மதியாகத் தூங்குகிறேன்.

என் அக்கா மகளும் இங்கேதான் வேலை பார்க்கிறாள். லேபிள் பார்த்து மூட்டை எண்ணிப் பட்டியல் எழுதுகிற வேலை, டோக்கன் நான்கு. நான் சொல்லித்தான் கிடைத்தது. (அவள் பரீட்சை எழுதினாள், அது வேறு.) அவள் ஒருத்திதான் கும்பிடும்போது என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஓயாமல் விண்வெளிக் கதைப் புத்தகம் படிக்கிற கழுதை. இன்று சாப்பாட்டு நேரத்தில் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, இது நீங்க கட்டினதுதானே?"

"சேச்சே."

"இந்தப் புத்தகத்துல ஒரு கிரகம் வருது. பழைய தண்ணி மெஷின் ஒண்ணு கெட்டுக் கிடக்கு, அதைத்தான் எல்லாரும் சாமியா கும்பிடறாங்க. நம்ம ஆளுங்க பரவால்ல, ஒரு டோக்கனோட நிறுத்திட்டாங்க."

"அந்தச் சாமி என்ன பண்ணுது?"

"முதல்ல ஒண்ணும் பண்ணல. இந்த மாதிரிக் கதையில எல்லாம் முதல்ல ஒண்ணும் பண்ணாது மாமா. கும்பிடக் கும்பிட முழிச்சுக்கும். முழிச்சதும் முதல் வேலையா தன்னைக் கட்டினவனைத் தேடும்."

"தேடட்டும். நான் என்ன கிரகத்துலயா குடியிருக்கேன்?" என்றேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது.

மார்ச் 5, வியாழன்

அவரைப் பற்றிப் புதிதாக ஒன்று தோன்றியது, நல்ல சரக்கு. உள்ளே அவர் சும்மா இருப்பதில்லை, பெட்டிகளை எண்ணிக்கொண்டே இருக்கிறார். எட்டு வரை எண்ணுவார், அடுத்து நேராகப் பத்து. ஏன் என்று எனக்கே தெரியாது, கேட்க நன்றாக இருக்கிறது. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. திங்கட்கிழமை அவிழ்த்துவிடுவேன்.

மார்ச் 6, வெள்ளி

எங்கள் தெரு முடிதிருத்தும் கடைக்காரர் (ஊருக்கே நான் மாமாதான்) என் சாமியை நம்பவில்லையாம். "மாமா, உங்க வாயில மழை பெஞ்சாக்கூட நான் குடை பிடிக்க மாட்டேன்" என்கிறார். நாளைக்கு அரைநாள்தான் வேலை. தகட்டைக் கொண்டுபோய் அவர் கண் முன்னே ஆட்டிக் காட்டப் போகிறேன்.

மார்ச் 7, சனி

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். கூட்டல் எதுவும் இல்லை.

காலையில் ஒருவரும் வருவதற்கு முன் தகட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். ஒரு மணிக்கு மணி அடித்தேன். எல்லோரும் வந்து டோக்கனை எடுத்துக்கொண்டார்கள். ஒன்று மிச்சம், சுவரைப் பார்த்து. கண்ணை மூடினார்கள். நானும் மூடினேன்.

நானும்.

பையில் தகடு இருக்கிறது. கட்டியவன் நான். பழக்கம்... கை தானாகக் குவிந்தது. கதவைச் சாத்தினேன்.

மூன்று மணி சுமாருக்கு முடிதிருத்தும் கடைக்குப் போனேன். நாற்காலியில் ஒருவர் பாதித் தாடியோடு உட்கார்ந்திருந்தார். "பாருய்யா" என்று தகட்டை எடுத்து ஆட்டினேன். அது விளக்கில் மினுக்கியது. கடைக்காரர் கேட்டார், "இது உங்க கையில இருந்தா அங்க தொங்கறது எது மாமா?"

எப்படி ஓடினேன் என்று தெரியாது. செருப்பு கடையிலேயே கிடக்கிறது.

கிடங்கு வாசலில் வாட்ச்மேன் எழுந்து நின்றான். "மாமா, இன்னிக்கு அவர் ரொம்ப நேரம் தட்டினார். மூணு தடவை. நான் கும்பிட்டுட்டேன்" என்றான். பெருமையாகச் சொன்னான், பாவி. அவனையா திட்டுவது?

பலகைக்குப் போய் டோக்கனைத் திருப்பினேன். நான்கு.

கதவின் உள்பக்கக் கைப்பிடி உறைந்துபோய் ஆறு மாதம் ஆகிறது. நான்தான் ரிப்பேருக்கு எழுதிக் கொடுக்க வேண்டியவன். கொடுத்துவிட்டதாக எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். கொடுக்கவில்லை.

கதவைத் திறந்து விளக்கைப் போட்டேன். கடைசி வரிசையில் பட்டாணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். புருவம் வெள்ளையாக இருந்தது. கண் திறந்திருந்தது, உதடு அசைந்துகொண்டிருந்தது. காதை மூடிய குல்லாவைக் கழற்றி, பேர் சொல்லிக் கூப்பிட்டேன். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில் பார்த்தாள்.

மார்ச் 8, ஞாயிறு

ஆஸ்பத்திரி. பிழைத்துவிட்டாள். இடது கையில் இரண்டு விரல் நுனி கறுத்திருக்கிறது, இருக்குமா போகுமா என்று பத்து நாள் கழித்துத்தான் சொல்வார்களாம்.

அக்கா என்னை அடிக்கவில்லை. "டேய், நீ கதவுகிட்ட இருக்கேன்னுதானேடா தைரியமா அனுப்பினேன்" என்று மட்டும் சொன்னாள். அடித்திருக்கலாம்.

மார்ச் 10, செவ்வாய்

அவள் பேசினாள். குல்லாவுக்குள் மணி கேட்கவில்லையாம். அதற்கு முன் ஒரு தடவை உள்ளே போய்வந்து விறைத்த கையோடு மாட்டியதில் டோக்கன் திரும்பிவிட்டதையும் கவனிக்கவில்லையாம். விளக்கு அணைந்ததும் கதவைத் தட்டியிருக்கிறாள், களைத்திருக்கிறாள், தூக்கம் வந்திருக்கிறது.

"தூங்கியிருந்தா முடிஞ்சிருக்கும் மாமா. அவர் தூங்க விடல."

"யாரு?"

"தெரியல. மூட்டைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து குரல். எண்ணிக்கிட்டே இருந்தார், என்னையும் கூடவே எண்ணச் சொன்னார். எனக்கு ஒரு இடத்துல மட்டும் உதைச்சது. எட்டுக்கு அப்புறம் பத்துன்னார். ஒன்பதை விட்டுட்டீங்களேன்னேன். அது ஒரு ஆளுக்குன்னு வச்சிருக்கேன்னார்."

தண்ணீர் டம்ளரை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"மாமா, இன்னொண்ணும் கேட்டார். என்னைக் கட்டினவர் வெளியிலேயே உக்காந்திருக்காரே, எப்ப உள்ள வருவார்னு. கோவமாக் கேக்கல. விருந்தாளி வரலியேன்னு கேக்கற மாதிரி."

சிரிப்பாளோ என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இந்த நோட்டைத் தேடினேன். இரும்புப் பெட்டிக்குள், துணிகளுக்கு அடியில் இருந்தது. பூட்டு பூட்டியபடி. சாவி என் அரைஞாணில். ஐந்தாம் தேதிப் பக்கத்தைப் படித்தேன். என் கையெழுத்துதான்.

மார்ச் 12, வியாழன்

எல்லோரையும் பலகைக்கு முன்னால் நிற்க வைத்து உண்மையைச் சொன்னேன். தகடு, பொய், தட்டுகிற சட்டம், கைப்பிடி, ஒன்று விடாமல். ஐம்பத்து நான்கு வருட வாழ்க்கையில் இவ்வளவு உண்மையை ஒரே மூச்சில் சொன்னதில்லை.

ஃபோர்க்லிஃப்ட்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாமா, அடக்கம் போதும். பொய்யா இருந்தா அந்தப் பொண்ணு எப்படிப் பிழைச்சா?"

வாட்ச்மேன், "நீங்க கட்டினதா நினைக்கிறீங்க. உங்களைச் சொல்ல வச்சதே அவர்தானே" என்றான்.

நான் சொன்ன பொய்யையெல்லாம் நம்பினார்கள். இதை நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

இன்று பலகைக்குக் கீழே பதினொரு கப் டீ, வாட்ச்மேன் வைத்ததையும் சேர்த்து.

மார்ச் 13, வெள்ளி

தூங்கவில்லை.

மார்ச் 16, திங்கள்

கைப்பிடியை மாற்றிவிட்டார்கள், நான் பக்கத்திலேயே நின்றேன். பலகையைச் சுவரிலிருந்து கழற்றி, எந்த டோக்கனும் முதுகு காட்டாதபடி கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னேன். வைத்தார்கள். புதுச் சட்டம் ஒன்றும் நானே கேட்டு வாங்கினேன்: சாத்துவதற்கு முன் கதவுக்காரன் கடைசி வரிசைவரை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

மேனேஜர், "அப்ப உங்களுக்கும் டோக்கன் வேணுமே. அந்த வெறும் தகட்டைக் குடுங்க, நம்பர் அடிச்சுத் தரேன்" என்றார்.

எந்த எண் என்று நான் கேட்கவில்லை. காலியாக இருப்பது ஒன்றுதானே.

மார்ச் 17, செவ்வாய்

அக்கா மகளின் ஒரு விரல் தேறும் என்கிறார்கள். இன்னொன்றின் நுனியை எடுக்க வேண்டுமாம். "எண்ணறதுக்கு மிச்சம் போதும் மாமா" என்றாள். வெளியே வந்து அழுதேன்.

மாலை ஆறு மணிக்கு மணி அடித்தேன். அவள் வேலைக்கு வரவில்லை, மீதிப் பத்து பேரும் டோக்கனை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றார்கள். என்னுடையதை மாட்டினேன், எண் தெரிகிற மாதிரி. பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக டோக்கன் மாட்டி உள்ளே போனேன்.

கடைசி வரிசையில் ஆள் இல்லை. பட்டாணி மூட்டைகள், என் மூச்சுப் புகை. திரும்பியிருக்கலாம். ஆனால் அங்கே அவள் உட்கார்ந்திருந்த இடம் இருந்தது. மூட்டைகளைத் தொட்டுச் சத்தமாக எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. எட்டில் நிறுத்தினேன்.

சத்தமே இல்லை. காத்திருந்தேன். விசிறிகூடச் சுற்றுகிற மாதிரி தெரியவில்லை.

"ஒன்பது" என்றேன்.

மூட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, பக்கத்தில், வெகு மரியாதையாக, "பத்து" என்று கேட்டது.

வெளியே வந்து டோக்கனைக் கழற்றினேன். பலகை காலி. கதவைச் சாத்தினேன். எப்படி இருந்தது என்று ஃபோர்க்லிஃப்ட்காரர் கேட்டார். உள்ளே ஆள் இல்லை என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

நாளைக்கும் ஆறு மணிக்கு உள்ளே போக வேண்டும். நான் கேட்டு வாங்கிய சட்டம்.